பன்றிமேட்டில் அடியைப் பங்கிட்ட மழைக்காலம்

பன்றிமேடு எஸ்டேட்டில் ஆனி மாதத்து மழை பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப்பக்கம் யானைகள் மேய்கிற புல்வெளியில் போட்டுவிட்ட வருஷம், சுகிர்தா நாலாம் வகுப்பில் இருந்தாள். கூரையை எடுத்துவரப் போன ஆட்கள் அதன் தகரத்தில் ஒரு கொம்பன் முதுகு தேய்ப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தார்கள். மழை ஓய்கிறவரைக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று முடிவாயிற்று. அமலோற்பவம் டீச்சர் கெண்டைக்காலில் ஏறுகிற அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே தேயிலைக்கு நடுவில் குடையோடு நடந்து வந்து, வாரா வாரம் வீடு வீடாக ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுகிர்தாவின் வீடு மேல் லயனில் இருந்தது. லயன் என்றால் ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள். ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரிக்கிற சுவர் கூரை வரைக்கும் ஏறாமல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதனால் ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் எல்லா வீட்டிலும் மணக்கும், ஒரு வீட்டில் குழந்தை இருமினால் எல்லா வீட்டிலும் தூக்கம் கெடும், மாசிலாமணி வீட்டில் அடி விழுந்தால் எல்லா வீட்டிலும் டிவி சத்தம் கூடும்.

மாசிலாமணி சுகிர்தாவின் அப்பன். தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலையில் அவனுக்கு இணையான கை அந்த மலையில் இல்லை. ஒரே வீச்சில் விரல் தடிமன் கிளையைச் சாய்வாக வெட்டுவான், வெட்டின இடம் சீவின பென்சில் மாதிரி இருக்கும். அந்தக் கையாலேயே வீட்டுக்கு வந்து பெண்டாட்டி சொர்ணத்தை அடித்தான். குடித்த நாளில் அடித்தான், குடிக்காத நாளில் குடிக்கவில்லை என்பதற்காக அடித்தான், குழம்பில் உப்பு கூடினாலும் அடித்தான், மழை கூடினாலும் அடித்தான். சொர்ணத்துக்கு ஒரு கண் எப்போதும் பாதி மூடியே இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும்போது முக்காட்டை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்வாள், கூடப் பறிக்கிறவர்களும் அந்தப் பக்கமாகப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்கள்.

டீச்சர் அந்த வாரம் கொடுத்த தாளில், உன் வீட்டுக்கு வருகிற ஏதாவது ஒன்றை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சமமாகப் பங்கிடு, ஒவ்வொருவரின் பங்கையும் பின்னமாக எழுது, பங்கிட்டதைப் பற்றிச் சொந்த நடையில் ஐந்து வரி எழுது என்று அச்சடித்திருந்தது. லயனில் மற்ற பிள்ளைகள் தோசையைப் பங்கிட்டார்கள், பன் ரொட்டியைப் பங்கிட்டார்கள், ஒரு பையன் குளிக்கிற சோப்பைக் கத்தியால் அறுத்து உதை வாங்கினான். சுகிர்தா வீட்டில் அன்று ரேஷன் மாவு நனைந்து புளித்துக் கிடந்தது, மண் சரிந்ததால் கீழேயிருந்து பஸ்சும் வரவில்லை. வீட்டுக்குத் தவறாமல் வருவது எது என்று அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, கையெழுத்து அழகாக வரவேண்டும் என்பதற்காக மெதுவாக, இப்படி எழுதினாள்: எங்கள் வீட்டுக்கு வருவது அடி. எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, நான், தங்கச்சி ரூபி என்று நான்கு பேர். அடியை நான்காகப் பங்கிட்டேன். ஆளுக்கு நான்கில் ஒன்று. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்று சாயங்காலம் மாசிலாமணி வந்து, ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, டீ ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லி சொர்ணத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். சொர்ணம் விழவில்லை. யாரோ ஈரத்துணியால் முகத்தில் தட்டினது போல அவள் தலை லேசாகத் திரும்பி நின்றது. மாசிலாமணி தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். எழுதிக்கொண்டிருந்த சுகிர்தாவின் கன்னம் சுருக்கென்றது. பாயில் தூங்கிக்கொண்டிருந்த, இன்னும் பேச்சுகூடத் திருந்தாத ரூபி, திடுக்கென்று எழுந்து அழுதது. மாசிலாமணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை அடித்தான், இன்னொரு முறையும் நான்கு கன்னங்கள் சிவந்தன. அதற்குப் பிறகு அவன் ஆறின டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான்.

ஒரு வாரத்தில் சொர்ணத்தின் மூடின கண் திறந்தது. இரண்டு கண்ணாலும் அரிசியில் கல் பார்க்கிற அம்மாவைச் சுகிர்தா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் ரூபியின் கன்னத்தில் நீலம் பாரித்திருந்தது. பெரியவர்களுக்குக் கால் பங்கு அடி தாங்கும், பால்குடி மறந்து சில மாதமே ஆன பிள்ளைக்குக் கால் பங்கும் அதிகம். அந்தப் பெயரைத் தாளில் எழுதினவள் தான்தான் என்று சுகிர்தா அந்த நீலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ரூபியை மட்டும் எடுத்துவிட்டால் அம்மாவின் பங்கு கூடும். கீழே இருக்கிற எண் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவரின் பங்கும் சின்னதாகும் என்று டீச்சர் காட்டித் தந்தது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அடுத்த வீட்டு ரஞ்சிதம் மதினியையும் அவள் புருஷன் தேவசகாயத்தையும் சேர்த்தாள், அதற்கடுத்த வீட்டைச் சேர்த்தாள், லயன் முடிகிற குழாயடி வரைக்கும் ஒருவர் விடாமல் சேர்த்தாள். யாரையும் கேட்கவில்லை.

லயன்காரர்கள் முதலில் அதைக் குளிர் காய்ச்சல் என்றார்கள். மருந்துக்கொட்டகைக் கம்பவுண்டர் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்தார், எல்லோருக்கும் ஒரே களிம்பு தடவினார். பிறகு, வலி வருகிற நேரமும் மாசிலாமணி வீட்டில் சத்தம் கேட்கிற நேரமும் ஒன்றாக இருப்பது பிடிபட்டது. டிவி சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், அதனால் பிரயோஜனம் இல்லை. வலிக்குச் சுவர் ஏது. அப்படித்தான் ஒரு நாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைத்த ரஞ்சிதம், அகப்பையால் சுவரைத் தட்டி, போதும் விடுங்கண்ணே என்று குரல் கொடுத்தாள். அதற்கு முன்னால் அந்தச் சுவரை யாரும் தட்டினதே கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் மாசிலாமணியின் கை அந்தரத்தில் நின்றது, கொஞ்ச நேரம் கழித்து இறங்கியது. அந்த வாரம் முழுக்க யாராவது ஒருவர் சுவரைத் தட்டினார்கள். சொர்ணம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள்.

ஆனால் சுவரைத் தட்டுவது அலுப்பான வேலை. அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது என்று தேவசகாயம்தான் கண்டுபிடித்தார். அவர் தொழிற்சங்கத் தலைவர், கூட்டத்தில் பேசிப் பழகினவர். சுகிர்தா எழுதினதை லயன் பிள்ளைகள் மூலம் கேள்விப்பட்டதும் அவர் கோபப்படவில்லை. கடை முறுக்குப் பொட்டலம் ஒன்றோடு வந்து பலகையில் உட்கார்ந்து, மேல் லயனில் இருக்கிறவர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள், கீழ் லயனையும் சேர்த்தால் ஆளுக்கு அரைவாசிதானே வரும் என்று அவளிடம் கேட்டார். சரிதான் என்றாள் சுகிர்தா. அப்படியானால் ஃபேக்டரி ஆட்களையும் சேர்க்கலாம் என்றார். சங்கத்துப் பதிவேட்டிலிருந்து அவரே பெயர் பெயராக வாசிக்க, பழைய தாள்களின் பின்பக்கத்தையெல்லாம் சோற்றுப் பருக்கையால் ஒட்டி நீளமாக்கி, அவள் எழுதினாள். கடைசியில் எஸ்டேட்டை நடத்துகிற பங்களா துரையின் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ரூபியின் கன்னத்து நீலம் அன்றைக்கே வெளிறியது என்பதால் சுகிர்தாவும் சிரித்தாள்.

அதன்பின் மாசிலாமணி வீட்டு அடி பன்றிமேடு முழுக்க ஆளுக்கு ஒரு கொசுக்கடி அளவுக்குத்தான் வந்தது. மலைச்சரிவில் வரிசையாக நின்று கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் திடீரென்று ஒரே சமயத்தில் கையை நிறுத்தி இடது கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள், பிறகு ஒரே சமயத்தில் பறிக்கத் தொடங்குவார்கள். ஃபேக்டரியில் இலை கொட்டுகிறவன் முதுகைச் சொறிந்துகொள்வான். பூசை வைக்கிறவரும் ஜெபம் சொல்கிறவரும் நடுவில் ஒரு மூச்சு நிறுத்தித் தொடர்வார்கள். அதற்குப் பங்குவலி என்று பெயர் வைத்தார்கள். மழை எப்போது விடும் என்று கேட்பது போல இன்றைக்குப் பங்குவலி எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். சுவரை மட்டும் யாரும் தட்டவில்லை, ஒரு கொசுக்கடிக்காக எழுந்து போய்ச் சுவரைத் தட்டுகிறவர் யார்.

மாசிலாமணிக்கு அது முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் அவன் முன்னைக்காட்டிலும் ஓங்கி அடிக்கத் தொடங்கினான். கால் பங்கு தனக்கு வந்த காலத்தில் அடங்கியிருந்த கை, இப்போது தனக்கும் கொசுக்கடி மட்டுமே வந்ததால் கிணற்று வாளி போல ஏறி இறங்கியது. ஆனால் அடித்தால் அவள் விழவில்லை, அழவில்லை, கையை உயர்த்தித் தடுக்கவும் இல்லை. ஒரு கொசுவை ஓட்டிவிட்டுக் கீரை ஆய்ந்தாள். அதை அவனால் பொறுக்க முடியவில்லை. என் கையை என்னடி பண்ணினே என்று கேட்டுக்கொண்டே விறகால் அடித்தான், செம்பால் அடித்தான், இடுப்பு வாரால் அடித்தான். மலை முழுக்கக் கொசுக்கடிகள் பெருகி எல்லோர் உடம்பும் வேர்க்குரு கண்டது போலாயிற்று.

ஒரு மத்தியானம், கவ்வாத்து முடித்து வந்தவன் கத்தியைச் செருகாமல் கையிலேயே வைத்திருந்தான். சொர்ணம் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் இடது தோளைப் பார்த்தான், கிளையைப் பார்க்கிற அதே பார்வையாக, பிறகு சாய்வாக ஒரே வீச்சு வீசினான்.

பன்றிமேட்டில் இருந்த ஒவ்வொருவர் இடது தோளிலும் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. கொழுந்துக்காரிகளின் ரவிக்கையில் விழுந்தது, கம்பவுண்டரின் கோட்டில் விழுந்தது, தூளியில் கிடந்த பிள்ளைகளுக்கு விழுந்தது, பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த துரையின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்தது. ஒவ்வொருவரும் அந்தச் சொட்டை விரலில் தொட்டுப் பார்த்தபோது, அது சேர்ந்தால் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்தது.

துரையிடமிருந்து ஆள் வந்தான். பொழுது சாய்வதற்குள் இதை முடிக்காவிட்டால் மேல் லயன் மொத்தமும் சட்டிப்பானையோடு மலையிறங்க வேண்டியது என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லா லயன்களிலிருந்தும் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டே மாசிலாமணி வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அவனைப் பிடித்து அடித்தார்கள். கத்தி வைத்திருந்த கையை முறுக்கிக் கத்தியைத் தட்டிவிட்டார்கள், தரையில் தள்ளி மிதித்தார்கள், முகத்தில் குத்தினார்கள். எத்தனையோ வருஷத்துக் கோபம் அது, டிவி சத்தத்துக்குப் பின்னால் இருந்த கோபம். ஆனால் சுகிர்தா எழுதியிருந்தது எங்கள் வீட்டுக்கு வருவது அடி என்றுதான், கொடுத்ததா வாங்கினதா என்று அவள் பிரித்து எழுதவில்லை. அடித்தவர்களின் மூக்கில் ரத்தம் கசிந்தது. மிதித்தவர்கள் தங்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். கூட்டம் பெருகப் பெருக அடி பெருகியது, அடி பெருகப் பெருகச் சரிவில் நின்ற பெண்கள் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், படுக்கையில் கிடந்த நோயாளிகள் முனகினார்கள். மாசிலாமணிக்கும் அதே பங்குதான் வந்தது; அவன் மூக்கைத் துடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபடி, தூசு தட்டிக்கொள்கிறவன் போலச் சட்டையைத் தட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்தான்.

அப்போதுதான் அவர்கள் சுகிர்தாவின் பக்கம் திரும்பினார்கள்.

எழுதினதை அழி என்றார் தேவசகாயம். அவள் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கிழித்துப் போடு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"கிழிச்சா அத்தனையும் அம்மா மேல போயிரும்," என்றாள் சுகிர்தா. "அம்மா செத்துருவா."

தேவசகாயம் அவள் கையைப் பிடித்து முறுக்கினார். அறையில் நின்ற எல்லோருடைய கையும் வலித்தது, அவருடையதும் வலித்தது. அவர் கையை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, சரி கிழிக்க வேண்டாம் என்றார். "எங்க வீட்டுப் பேரை மட்டும் எடுத்துரும்மா. மத்தவங்க விஷயம் எனக்கு வேண்டாம்."

சுகிர்தா அம்மாவைப் பார்த்தாள். சொர்ணம் ரூபியை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரிந்த முகங்கள்தான் எல்லாம், எல்லோருடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவள் போயிருக்கிறாள். எடுத்துரு என்று அவள் மகளிடம் சொன்னாள்.

சுகிர்தா ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினாள். பெயர் அழிந்ததும் அந்த ஆளின் தோளில் இருந்த கோடு மூடிக்கொண்டது. அவர் தோளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அடுத்தவர் முன்னால் வந்தார். துரையின் ஆள் ஓடிவந்து துரையின் பெயரை எடுக்கச் சொன்னான், கம்பவுண்டர் வந்தார், ஃபேக்டரிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், கீழ் லயன் முழுக்க வந்தது. ஒவ்வொருவர் போகப் போக மிச்சமிருந்தவர்களின் தோளில் கோடு ஆழமாயிற்று, வந்து விழுந்த குத்தும் மிதியும் கனமாயிற்று. அதனால் பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள், வரிசை கலைந்தது, என்னை முதலில் எடு என்று ஒருவரை ஒருவர் இடித்தார்கள். ரப்பர் தேய்ந்து நகம் தாளில் பட்டது. சுகிர்தாவின் சட்டைத் தோள் நனைந்து சிவந்தது, அவள் அழித்துக்கொண்டே இருந்தாள்.

ரஞ்சிதத்தின் முறை வந்தபோது அவள் வேண்டாம் என்றாள்.

"என் பேரு இருக்கட்டும்," என்றாள். தேவசகாயம் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டார், பிறகு திட்டினார். அவள் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு சொர்ணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் தாளில் ஐந்து பெயர்தான் மிச்சம். வெட்டில் ஐந்தில் ஒன்று சின்ன விஷயம் இல்லை. சொர்ணத்தின் முழங்கை வழியாக ரத்தம் சொட்டியது. ரூபிக்கு அழக்கூடத் தெம்பில்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மாசிலாமணிக்கும் இப்போது உறைத்தது, உதடு வீங்கிவிட்டது, தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தான். அவன் மகளைப் பார்த்து, எல்லோரும் கேட்ட அதே குரலில் கேட்டான்.

"என் பேரையும் எடுத்துரு பாப்பா."

சுகிர்தாவின் கை அப்பா என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே நின்றது. சொர்ணம் ரூபியை ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

"ஒருத்தர் பேருமே இல்லாம எழுத முடியாதா?" என்று மகளிடம் கேட்டாள்.

"கீழே சைபர் போடக்கூடாதும்மா. யாராவது ஒருத்தர் இருக்கணும்."

 இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுக் கொழுந்துக் கூடை மாட்டப்பட்டவள் சொர்ணம். பென்சிலை இங்கே கொடு என்று வாங்கிக்கொண்டாள். "அப்பான்னு இருந்தா அது உன் எழுத்து. அந்தப் பாவம் உன் தலையில வேண்டாம்," என்றாள். அப்பா என்கிற சொல்லை அவள் அழித்தபோது மாசிலாமணியின் உதட்டு வீக்கம் வடிந்தது, தோள் மூடியது, அவன் முகம் தெளிந்து எழுந்திருக்கப் பார்த்தான், மற்ற நான்கு பேரும் வலியில் மடங்கினார்கள். சொர்ணம் மடங்கினபடியே, பென்சிலைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்து, கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட வாயால் சொல்லாத அந்தப் பெயரை எழுதினாள். மா எழுதினாள், சி எழுதினாள், லா எழுதினாள், ம எழுதினாள். ணி போடத் தெரியாமல் மகளைப் பார்த்தாள். மகள் சொல்லவில்லை. அவளே நினைவுபடுத்திக் கோணலாகப் போட்டாள். பிறகு ரஞ்சிதத்தின் பெயரை அழித்தாள், ரூபியின் பெயரை அழித்தாள், சுகிர்தாவின் பெயரை அழித்தாள், கடைசியாகத் தன் பெயரையும் அழித்தாள்.

எழுந்திருக்கப் போன மாசிலாமணியை யாரோ தூக்கிச் சுவரில் அடித்தது போல இருந்தது. அவன் இடது தோள் எலும்பு தெரியத் திறந்தது. அந்த வாரத்து விறகும் செம்பும் வாரும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முதுகில் வந்து இறங்கின, ஊர் குத்தின குத்தும் மிதித்த மிதியும் எதிர்பார்த்துக் காத்திருந்தது போல மொத்தமாக வந்தன. தாடை உடைகிற சத்தம் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. யாரும் அவனைத் தொடவில்லை. பெயர் எடுத்துக்கொண்டு போனவர்கள் போகாமல் மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் விழுந்து கிடந்த இடத்திலிருந்து சொர்ணத்தைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை, அடித்தால் யாருக்குப் போகும் என்று அப்போது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கை பழகின கை. அடுப்போரம் கிடந்த விறகை எடுத்து அவள் முகத்தைப் பார்த்து எறிந்தான். அது அவள் நெற்றியில் பட்டு விழுந்தது, பிளந்தது அவனுடைய நெற்றி. இன்னொரு விறகை எடுத்தான். சொர்ணம் நகர்ந்திருக்கலாம், இரண்டடி தள்ளி நின்றிருந்தால் அது சுவரில் பட்டிருக்கும். அவள் நகரவில்லை. அவன் எறிந்தான். அதற்குப் பிறகு எறிய அவனால் முடியவில்லை.

சொர்ணம்தான் தன் சேலையைக் கிழித்து அவன் தோளைக் கட்டினாள். சொர்ணம்தான் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஜீப்பைக் கூப்பிடச் சொன்னாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தையல் போட்டார்கள், தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை, கட்டின வாய்க்குள்ளிருந்து ஒரு மாட்டின் சத்தம் போலச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சொர்ணம் டீ வாங்கக் கடைக்குப் போனபோது சுகிர்தா கட்டிலருகே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தோளில் உட்கார்த்தி வைத்து எஸ்டேட் திருவிழாவைக் காட்டினவனும் அவன்தான். காட்டிலிருந்து தேன் எடுத்துவந்து விரலில் தொட்டு முதலில் அவளுக்குக் கொடுத்தவனும் அவன்தான். அவள் பைக்குள்ளிருந்து தாளை எடுத்து, மாசிலாமணி என்று அம்மா எழுதியிருந்ததற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

சொர்ணம் திரும்பி வந்தபோது அவன் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். பிள்ளையின் தாடை ஒரு பக்கம் வீங்கி நின்றது, சட்டைத் தோளில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாதிதாம்மா எடுத்தேன்," என்றாள் சுகிர்தா. "அப்பா பாவம்."

சொர்ணம் அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கினாள்.  தாள் கிழிந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தாள். "பாவந்தான்," என்றாள். "ஆனா பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். இது உனக்கு வந்தது இல்ல." கட்டிலில் அவன் விழித்துக்கொண்டு மறுபடி சத்தமிடத் தொடங்கினான். சொர்ணம் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவள் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். பிறகு டீயை ஆற்றி, கட்டின பல்லிடுக்கில் கரண்டி கரண்டியாக அவனுக்கு ஊற்றினாள்.

அந்தத் தாளை அவள் எங்கே வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்கும் சொல்லவில்லை. சுகிர்தா தாள் கொடுக்காததற்கு அமலோற்பவம் டீச்சர் மதிப்பெண் போடாமல் விட்டுவிட்டார், காரணமும் கேட்கவில்லை. அவர் தோளிலும் அந்த மத்தியானம் ஒரு கோடு விழுந்திருந்தது.

மழை குறைந்த நாட்களில் ரஞ்சிதம் முதலில் வந்தாள். எழுதாத தாள் ஒன்று இருந்தால் கொடு என்று சுகிர்தாவிடம் கேட்டாள், தே எப்படிப் போடுவது, வ எப்படிப் போடுவது என்று கேட்டாள். அதற்கடுத்த வீட்டுக்காரி வந்தாள். கீழ் லயனிலிருந்து இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். புருஷன் பெயரைச் சொல்லாமல் அவுக, இவுக என்றே வாழ்ந்த பெண்கள் எல்லாம் அடுப்பு வெளிச்சத்தில் அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சொல்லி எழுதினார்கள். எழுதி என்ன செய்தார்கள், அதில் பலித்தது எது, பலிக்காதது எது, ஒன்றும் வெளியே வரவில்லை. எந்த வீட்டுத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியாததால் பன்றிமேட்டில் அதற்குப் பிறகு யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. தேவசகாயம் தன் வீட்டில் கோபம் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு குழாயடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

மாசிலாமணி ஆவணி கடைசியில் வீடு திரும்பினான். மெலிந்திருந்தான், தாடை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது, பேச்சு குழறியது. முதல் இரண்டு வாரம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். ரூபி அவன் பக்கத்தில் போகவில்லை.

ஒரு நாள் காலையில் அவனுக்குக் கடுங்காப்பி கசந்தது. பரணில் சர்க்கரை டப்பா இருந்தது. அதை எடுக்க எழுந்து நின்று வலது கையைத் தூக்கினான். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சொர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. சுகிர்தாவின் பென்சில் நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் ரஞ்சிதம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது. மாசிலாமணி தூக்கின கையைத் தானே அண்ணாந்து பார்த்தான். அது அங்கே எதற்குப் போனது என்று மறந்துவிட்டவன் போல, அது இறங்கினால் எங்கே வலிக்கும் என்று தெரியாதவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, நிறையத் தண்ணீர் இருக்கிற பாத்திரத்தை இறக்குகிற மாதிரி, அதைப் பக்கவாட்டில் இறக்கிக்கொண்டான்.

"பாப்பா," என்றான். "அந்த டப்பாவை நீயே எடுத்துக் குடும்மா."

சுகிர்தா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.